எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்று வந்த பிறகு: நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யுடன் வாழத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் பி தமக்கு இருப்பதை நம் ஊரில் பெரும்பாலோர் வேறு எதற்கோ எடுத்த பரிசோதனையில்தான் அறிகிறார்கள். இரத்த தானம் செய்த சில நாட்களில் இரத்த வங்கியிலிருந்து வரும் அழைப்பு, முதல் கர்ப்பத்தில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை, குடலிறக்க அறுவைக்கு முந்தைய நாள் செவிலியர் கொண்டுவரும் காகிதம், வளைகுடா வேலைக்கான மெடிக்கல் என ஏதோ ஒரு வழியில் 'எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்' என்ற சொல் வந்து சேர்கிறது. உடம்பில் ஒரு குறையும் தெரியாத நேரத்தில் வருகிற செய்தி என்பதால் அதை நம்பவும் முடிவதில்லை, ஒதுக்கவும் முடிவதில்லை.

எனக்கு அது இரத்த தான முகாமின் வழியாக வந்தது. வீட்டில் சொன்ன அன்று மாலையே அம்மா என் எவர்சில்வர் டம்ளரின் அடியில் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்துவிட்டார். அந்தப் புள்ளியால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்பதும், குளியலறை மாடத்தில் நானும் தம்பியும் பொதுவாக வைத்திருந்த சவர ரேஸர்தான் உண்மையில் அஞ்ச வேண்டிய பொருள் என்பதும் தெரியவர எங்களுக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. இந்நோயோடு வாழ்வதில் பாதித் துன்பம் இப்படித்தான் வருகிறது: அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சிக்கொண்டிருக்கிறோம், கவனம் வேண்டிய இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி 2022-இல் உலகெங்கும் 25.4 கோடிப் பேரும், இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 3 கோடிப் பேரும் இந்த வைரஸோடு வாழ்ந்து வந்தனர் என்பதால், உங்கள் தெருவில் நீங்கள் ஒருவர் மட்டுமே இதோடு இருக்கிறீர்கள் என்று எண்ணத் தேவையில்லை.

முதல் படி: நாள்பட்டதா என்று உறுதி செய்துகொள்ளுதல்

எச்பிஎஸ்ஏஜி என்பது வைரஸின் மேலுறையில் உள்ள புரதம். அது இரத்தத்தில் இருந்தால் வைரஸ் உடலில் இருக்கிறது என்று பொருள். அது 6 மாதங்களுக்கு மேலும் நீடித்தால் நாள்பட்ட தொற்று என்று கொள்கிறார்கள். எனவே முகாமில் செய்த ஒற்றை அட்டைப் பரிசோதனையோடு நின்றுவிடாமல், ஆய்வகத்தில் எலைசா முறையில் ஒருமுறை உறுதி செய்து, 6 மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த படியில் சொல்லப்படும் பரிசோதனைகளை உடனே தொடங்கிவிடலாம்.

இந்தக் கட்டத்தில் பலர் செய்யும் பிழை, ஓடிப்போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்வது. தடுப்பூசி தொற்று இல்லாதவர்களுக்கானது. ஏற்கெனவே பாசிட்டிவ் ஆனவருக்கு அது கெடுதல் செய்யாது என்றாலும் ஒரு நன்மையும் செய்யாது. அந்த ஊசி உங்கள் வீட்டாருக்குத்தான் வேண்டும்.

'யாரிடமிருந்து வந்தது?' என்ற கேள்வி அடுத்து எழும். அது குடும்பங்களைக் குலைத்துவிடக்கூடிய கேள்வி. பிறந்த சமயத்தில் தாயிடமிருந்து தொற்றுப் பெறும் குழந்தைகளில் 10 பேரில் 9 பேருக்கு அது நாள்பட்டதாகிறது. வளர்ந்த பிறகு தொற்றுப் பெறுவோரில் 100-க்கு 5 பேருக்கும் குறைவானவர்களுக்கே நாள்பட்டதாகிறது. ஆகவே இன்று 35 வயதில் நாள்பட்ட தொற்றோடு இருப்பவர் அதைத் தொட்டில் பருவத்திலேயோ, சரியாகக் கொதிக்க வைக்காத ஊசி வழியாக இளம் வயதிலேயோ பெற்றிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அக்காலத்தில் இதற்கான தடுப்பூசி அரசுத் திட்டத்தில் இருக்கவில்லை. 2002-இல் சில இடங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, 2011-இல்தான் அது நாடு முழுமைக்கும் விரிந்தது. ஹெபடைடிஸ் பி-யும் அடங்கிய, ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை அவ்வாண்டு டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும் முதலில் அறிமுகப்படுத்தின. இதைக் கணவனோ மனைவியோ ஒருவர்மேல் ஒருவர் ஐயம் கொள்வதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாம் படி: பரிசோதனைத் தாளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுதல்

மருத்துவர் எழுதித் தரும் பட்டியல் நீளமாக இருந்தாலும், அடிப்படையில் மூன்று கேள்விகளுக்குத்தான் விடை தேடுகிறார்கள். வைரஸ் எவ்வளவு இருக்கிறது, கல்லீரல் இப்போது அழற்சியில் இருக்கிறதா, இதுவரை எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது என்பவையே அவை.

முதல் கேள்விக்கு 'எச்பிவி டிஎன்ஏ' என்ற வைரல் லோடு பரிசோதனை விடை தரும். 'எச்பிஇஏஜி' வைரஸ் எவ்வளவு மும்முரமாகப் பெருகுகிறது என்பதைக் காட்டும். வைரல் லோடைச் சில ஆய்வகங்கள் 'ஐயு' என்ற அலகிலும் சில 'காப்பீஸ்' என்ற அலகிலும் தருகின்றன. 1 ஐயு என்பது சுமார் 5 முதல் 6 காப்பீஸுக்குச் சமம். ஆய்வகத்தை மாற்றிய மாதத்தில் எண் ஐந்து மடங்கானதைக் கண்டு தூக்கத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள். முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் எடுங்கள்.

இரண்டாம் கேள்விக்கு எஸ்ஜிபிடி, அதாவது கல்லீரல் உயிரணுக்கள் சேதப்படும்போது இரத்தத்தில் கூடும் நொதியின் அளவு. அறிக்கையில் 40 அல்லது 45 வரை இயல்பு என்று அச்சிட்டிருப்பார்கள். ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்பதையே மேல் எல்லையாகக் கொள்கிறது. 38 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லை என்பதற்காக மகிழ்ந்துவிடாமல் அதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

மூன்றாம் கேள்விக்கு வயிற்று அல்ட்ராசவுண்டும் ஃபைப்ரோஸ்கேனும் உதவுகின்றன. ஃபைப்ரோஸ்கேன் என்றதும் ஊசி, குழாய் என்று அஞ்ச வேண்டாம். மல்லாந்து படுத்து வலக்கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். விலா எலும்புகளின் இடையில் குளிர்ந்த ஜெல் தடவி, பேனா போன்ற ஒரு கருவியை வைத்து அழுத்துவார்கள். யாரோ விரலால் சுண்டுவதுபோல 'டக், டக்' என்று பத்துத் தடவை தட்டும், அவ்வளவுதான். குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிற்றோடு செல்ல வேண்டும், ஏனெனில் சாப்பிட்டவுடன் எடுத்தால் எண் கூடிக் காட்டும். எஸ்ஜிபிடி மிக உயர்ந்திருக்கும் சமயத்திலும் அப்படியே. கல்லீரலின் இறுக்கத்தைக் காட்டும் அந்த எண் பொதுவாக 7 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் கணிசமான தழும்பு இல்லை என்றும், 12.5-க்கு மேல் போனால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிய நிலை என்றும் கொள்கிறார்கள்.

இவற்றோடு ஒரு தடவையேனும் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி, ஹெபடைடிஸ் டி ஆகியவற்றுக்கும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஹெபடைடிஸ் டி, பி இல்லாமல் தனித்து வாழ முடியாத வைரஸ்; பி உள்ளவரிடம் தொற்றினால் கல்லீரலை வேகமாகக் கெடுக்கும்.

'நீங்கள் வெறும் கேரியர்தான், ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று சிலரிடம் சொல்லப்படுகிறது. தூக்குச் சட்டி சோற்றைச் சுமப்பதுபோல வைரஸைச் சும்மா சுமந்துகொண்டிருக்கிறோம் என்று அவர்களும் எண்ணிக்கொண்டு பத்து ஆண்டுகள் ஆய்வகப் பக்கம் போவதில்லை. எனக்கு இந்தச் சொல் பிடிப்பதே இல்லை. இன்று அமைதியாக இருக்கும் தொற்று பிற்பாடு கிளர்ந்தெழலாம். அது எழுந்ததை உடம்பு சொல்லாது, பரிசோதனைதான் சொல்லும்.

மூன்றாம் படி: சரியான இடத்தில் ஒரு கோப்பைத் தொடங்குதல்

கல்லீரல் சிறப்பு மருத்துவரையோ குடல்நோய் மருத்துவரையோ பார்ப்பது சிறந்தது. செலவை எண்ணித் தயங்குவோர் அறிய வேண்டியது: 2018 ஜூலை 28 அன்று இந்திய அரசு தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், பரிசோதனைகளும் மாத்திரைகளும் அரசு மையங்களில் இலவசமாகத் தரப்படுகின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டுக் கொடுக்குமிடத்தில் 'ஹெபடைடிஸ் சிகிச்சை மையம் எங்கே?' என்று கேட்டால் வழி சொல்வார்கள். காலை முழுவதும் போகும், விடுப்பு எடுத்துக்கொண்டே செல்லுங்கள்.

போகும்போது ஒரு கோப்பும் எடுத்துச் செல்லுங்கள். முதல் தாளில் தேதி, எஸ்ஜிபிடி, வைரல் லோடு, பிளேட்லெட், ஃபைப்ரோஸ்கேன் என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதி வாருங்கள். மருத்துவர் மாறலாம், ஊர் மாறலாம். அந்த ஒரு தாள் பத்தாண்டு வரலாற்றை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும். ஸ்கேன் படங்களைப் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சிட்டுத் தருகிறார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் அவை வெளிறிவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் உடனே மாத்திரை வேண்டியதில்லை. வைரல் லோடு 2,000 ஐயு-வுக்கு மேலிருந்து எஸ்ஜிபிடியும் உயர்ந்திருந்தாலும், கல்லீரலில் கணிசமான தழும்போ சிரோசிஸோ இருந்தாலும், வேறு வைரஸ் தொற்று உடனிருந்தாலும், குடும்பத்தில் யாருக்கேனும் கல்லீரல் புற்றுநோய் வந்திருந்தாலும் சிகிச்சை தொடங்குவது குறித்து 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பேசுகிறது. முந்தைய விதிகளைவிட இது மேலும் பலரைச் சிகிச்சைக்குள் கொண்டுவருகிறது. 'உனக்கு மாத்திரை வேண்டாம்' என்று 2015-இல் சொல்லப்பட்டவர் இன்று மறுபடியும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

நான்காம் படி: மாத்திரையோடு வாழப் பழகுதல்

இன்று பரவலாகத் தரப்படுபவை இரண்டு: டெனோஃபோவிர் 300 மி.கி., என்டகாவிர் 0.5 மி.கி. இரண்டுமே நாளுக்கு ஒரு வேளை. டெனோஃபோவிரில் அலாஃபெனமைடு என்ற 25 மி.கி. வகையும் உண்டு, சிறுநீரகம் அல்லது எலும்பு பற்றிய கவலை உள்ளவர்களுக்கு அது தரப்படுகிறது, உணவோடு உட்கொள்ள வேண்டும். என்டகாவிர் இதற்கு நேர்மாறு. சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, அடுத்த உணவுக்கு 2 மணி நேரம் முன்பாக வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். இரவு 7 மணிக்குச் சாப்பிட்டு 10 மணிக்குப் படுப்பவருக்குப் படுக்கப்போகும் நேரம் பொருந்திவரும்; இரவுப் பணியில் இருப்பவர் தம் நேரத்தைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும். பழைய லாமிவுடினை மட்டும் பல ஆண்டுகளாக எடுத்துவருபவர்கள், வைரஸ் அதற்குப் பழகிப்போய்விடும் இயல்புடையது என்பதால், மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

இந்த மாத்திரைகள் வைரஸ் பெருகுவதை அடக்குகின்றன, வேரோடு பிடுங்குவதில்லை. வைரஸ் தன் மரபுப்பொருளின் ஒரு வளையத்தைக் கல்லீரல் உயிரணுவின் கருவுக்குள் பதுக்கி வைத்திருக்கிறது, அங்கே இன்றைய மருந்துகள் எட்டுவதில்லை. எச்பிஎஸ்ஏஜி தானாக மறைவது ஆண்டுக்கு 100 பேரில் சுமார் ஒருவருக்கு மட்டுமே நிகழ்கிறது. ஆகவே வைரல் லோடு 'கண்டறியப்படவில்லை' என்று வந்த நாளில் இனிப்பு வாங்கிக் கொடுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகி, கடும் கல்லீரல் அழற்சியும் சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பும் ஏற்பட்டிருக்கின்றன. ஒரு வேளை மறந்துவிட்டால் அதே நாளில் நினைவு வந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம். புட்டியில் 10 மாத்திரை மிஞ்சும்போதே அடுத்த புட்டிக்குக் கிளம்புங்கள்.

டெனோஃபோவிர் எச்ஐவி சிகிச்சையிலும் பயன்படும் மருந்து. புட்டியோடு வரும் தாளில் அது அச்சிடப்பட்டிருக்கும். வீட்டில் ஒருவர் அதைப் படித்துவிட்டு வேறு விதமாக நினைத்துக்கொள்வதற்கு முன், நீங்களே சொல்லிவிடுவது எளிது. மருந்தைத் தொடங்கும் முன் எச்ஐவி பரிசோதனை செய்யச் சொல்வதற்கும் இதுவே காரணம்: எச்ஐவி உள்ளவருக்கு டெனோஃபோவிரை மட்டும் தனியாகக் கொடுத்தால் அந்த வைரஸ் மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும்.

ஐந்தாம் படி: வீட்டுக்குள் எது தேவை, எது தேவையில்லை

இந்த வைரஸ் இரத்தத்தின் வழியாகவும், உடலுறவின் வழியாகவும், பேற்றின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகிறது. உணவு, தண்ணீர், தும்மல், வியர்வை, கைகுலுக்கல், ஒரே தட்டில் சாப்பிடுதல், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுதல் ஆகியவற்றால் பரவுவதில்லை. தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் படுக்கை, தனிச் சோப்பு எதுவுமே வேண்டாம். நீங்கள் சமைக்கலாம், பரிமாறலாம், பந்தியில் எல்லோரோடும் உட்காரலாம்.

தனியாக வைத்துக்கொள்ள வேண்டியவை நான்கே: ரேஸர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, காதில் போடும் தோடு போன்ற உடலைத் துளைக்கும் அணிகள். உலர்ந்த இரத்தத்திலும் இந்த வைரஸ் குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்போடு இருக்கும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. நம் வீடுகளில் நகவெட்டி என்பது சாவிக்கொத்தில் தொங்கும் பொதுச் சொத்து. முதலில் அதைப் பிரித்தெடுங்கள். சலூனில் புது பிளேடு போடச் சொல்லுங்கள், போட்டதை உங்கள் கண்ணால் பாருங்கள். காயம் பட்டால் கட்டுப் போட்டு மூடுங்கள். தரையில் இரத்தம் சிந்தினால் கையுறை அணிந்து, 1 பங்கு திரவ பிளீச்சுடன் 9 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, சில நிமிடம் விட்டுத் துடையுங்கள்.

இவற்றையெல்லாம்விட முதன்மையான வேலை, வீட்டில் உள்ள அனைவரையும் பரிசோதிப்பது. பெற்றோர், உடன்பிறந்தோர், துணை, குழந்தைகள் என ஒருவரையும் விடக்கூடாது. தொற்றும் எதிர்ப்பாற்றலும் இல்லாதவர்களுக்கு 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசிகள். துணைக்கு மூன்றாம் ஊசி முடிந்து 1 முதல் 2 மாதத்தில் எதிர்ப்பொருள் அளவு பார்க்க வேண்டும். அது 10-க்கு மேல் இருந்தால் இல்லறத்தில் இந்நோயை எண்ணி விலக வேண்டியதே இல்லை. அதுவரை ஆணுறை போதும். என் தம்பிக்கும் அன்று பரிசோதித்ததில் தொற்று இல்லை. ரேஸரின் கதை எங்கள் வீட்டில் அதிர்ஷ்டத்தோடு முடிந்தது.

திருமணம், மகப்பேறு

ஜாதகப் பொருத்தம் பார்க்கும் வீட்டில் எச்பிஎஸ்ஏஜி பொருத்தம் பற்றிப் பேச்செடுப்பது எளிதல்ல. இருப்பினும் மூன்று ஊசியில் தீரக்கூடிய ஒன்றை மறைத்துவிட்டு, பிறகு தெரியவரும் நாளில் ஏற்படும் நம்பிக்கையிழப்பைத் தீர்க்க ஊசி இல்லை. நிச்சயத்துக்கு முன், மருத்துவரின் முன்னிலையில் இருவரும் உட்கார்ந்து பேசிய திருமணங்கள் நன்றாகவே நடக்கின்றன.

கர்ப்பிணிக்குத் தொற்று இருந்தால் கருவைக் கலைக்கவோ, அதற்காகவே அறுவைப் பேறுக்குச் செல்லவோ தேவையில்லை. வைரல் லோடு 2 லட்சம் ஐயு அல்லது அதற்கு மேல் இருந்தால் 28-ஆம் வாரத்திலிருந்து டெனோஃபோவிர் தருகிறார்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசியும், அதோடு ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருள் ஊசியும் போடப்பட வேண்டும்; இரண்டையும் எவ்வளவு விரைவாகப் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. இம்யூனோகுளோபுலின் எல்லா மருத்துவமனையிலும் கையிருப்பில் இருப்பதில்லை. எனவே ஒன்பதாம் மாதத்திலேயே பேறு நடக்கவிருக்கும் இடத்தில் கேட்டு ஏற்பாடு செய்துவிடுங்கள். நள்ளிரவில் பிள்ளை பிறந்த பிறகு தந்தை ஐஸ் பெட்டியோடு மருந்துக் கடை மருந்துக் கடையாக அலைவது தவிர்க்கக்கூடிய அவதி. 6, 10, 14-ஆம் வார ஊசிகளும் தவறக்கூடாது. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். 9 மாதம் முடிந்த பிறகு குழந்தையைப் பரிசோதித்து, தப்பியதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆறாம் படி: சாப்பாடு, குடி, மூலிகை

காமாலைப் பத்தியம் இந்நோய்க்குப் பொருந்தாது. உப்பில்லாக் கஞ்சி, எண்ணெயில்லா இட்லி, மஞ்சள் சேர்க்காத குழம்பு என்று ஆண்டுக்கணக்கில் வாயைக் கட்டுவதால் கல்லீரலுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை, உடம்புதான் மெலிகிறது. வழக்கமான வீட்டுச் சாப்பாடு, அதில் பருப்பு, முட்டை, மீன், கீரை போதிய அளவு, இனிப்பும் வறுவலும் குறைவு என்பதே போதும். எடை கூடி, சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும் வைரஸோடு கைகோத்தால்தான் கல்லீரல் இரட்டிப்பாகக் கெடும். சிரோசிஸ் வந்தவர்கள்கூடப் புரதத்தைக் குறைக்கக் கூடாது. அவர்களுக்கு நெடுநேரப் பட்டினி ஆகாது என்பதால் படுக்கும் முன் சிறிது சாப்பிடச் சொல்கிறார்கள்.

கவனம் வேண்டிய ஒரு பொருள், பூஞ்சை பிடித்த வேர்க்கடலையும் மக்காச்சோளமும். அவற்றில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு, ஹெபடைடிஸ் பி உள்ளவர்களிடம் கல்லீரல் புற்றுநோய் அபாயத்தைப் பன்மடங்காக்குகிறது. கசந்த கடலையைச் சிக்கனம் பார்த்து விழுங்காமல் துப்பிவிடுங்கள். மகிழ்ச்சியான செய்தி ஒன்றும் உண்டு: காப்பி குடிப்பவர்களிடம் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சர்க்கரை குறைத்த ஃபில்டர் காப்பியை யாருக்காகவும் விட வேண்டாம்.

மதுவை முற்றிலும் நிறுத்துங்கள். 'பீர்தானே', 'விசேஷத்துக்கு மட்டும்' என்பதற்கெல்லாம் இங்கே இடமில்லை.

கீழாநெல்லி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தச் செய்தி தெரிந்த மறுவாரமே யாரேனும் ஒரு உறவினர் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொண்டுவந்துவிடுவார். இதற்கு உண்மையான ஒரு அறிவியல் வரலாறு சென்னையிலேயே உண்டு. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள், இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளம்பெர்க்குடன் இணைந்து வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லிப் பொடியை 30 நாட்கள் உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி மறைந்ததாகப் பதிவு செய்தனர். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்யப்பட்ட ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால்தான் அது இன்று எந்தச் சிகிச்சை வழிகாட்டுதலிலும் இடம்பெறவில்லை. கீழாநெல்லியைப் பழிக்க எனக்கு மனமில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு அதை நம்புவதைத்தான் தடுக்க விரும்புகிறேன். எல்லா மூலிகையும் சாதுவானவை என்பதும் சரியல்ல. கொரோனா காலத்தில் சீந்தில் கசாயம் குடித்துக் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதியுள்ளனர். பொருளின் பெயரே எழுதாத பொட்டலச் சூரணத்தைத் தொடவே வேண்டாம்.

ஏழாம் படி: மனமும் வேலையும், யாரிடம் சொல்வது என்பதும்

ஹெபடைடிஸ் பி உள்ளவர்களின் வாழ்க்கைத்தரத்தை அளக்கவென்றே ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். அதில் உடல்வலியைவிட, நாளை என்ன ஆகுமோ என்ற பதற்றம், பிறருக்குத் தொற்றிவிடுமோ என்ற கவலை, ஒதுக்கப்படும் உணர்வு ஆகியவையே மிகுதியான இடத்தைப் பிடித்திருக்கின்றன. நான் அறிந்த வரையிலும் அப்படித்தான். சோர்வாக இருக்கும் ஒவ்வொரு நாளையும் கல்லீரலின் கணக்கில் எழுதாதீர்கள். இரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் சோர்வைத் தரும், அவற்றுக்குத் தனித்தனி மருத்துவம் உண்டு. வாரத்துக்கு 150 நிமிட வேக நடை கல்லீரல் கொழுப்புக்கும் மனத்துக்கும் ஒருசேர உதவும். தூக்கம் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மனநல மருத்துவரிடம் செல்லத் தயங்க வேண்டாம்.

சொல்ல வேண்டியவர்கள் சிலரே. துணையிடமும், பரிசோதனைக்கு உட்பட வேண்டிய குடும்பத்தாரிடமும், பல் மருத்துவர், அறுவை மருத்துவர் போன்றோரிடமும் சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்கோ புற்றுநோய்க்கோ சிகிச்சை தரும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் கீமோதெரபி, ரிட்டுக்ஸிமாப், நீண்ட நாள் ஸ்டீராய்டு போன்றவை உறங்கும் வைரஸை எழுப்பிவிடும். முன்கூட்டியே தடுப்பு மாத்திரை தொடங்கினால் அதைத் தவிர்க்கலாம். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்கோ, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கோ, உங்கள் பிள்ளையின் பள்ளிக்கோ சொல்ல வேண்டிய கடமை எதுவும் உங்களுக்கு இல்லை.

வளைகுடா வேலைக்குச் செல்ல எண்ணுவோருக்கு ஒரு எச்சரிக்கை. அந்நாடுகளின் வேலை விசாவுக்கான மெடிக்கலில் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் 'அன்ஃபிட்' என்று எழுதிவிடுகிறார்கள். வைரல் லோடு பூஜ்ஜியமாக இருப்பதும், கல்லீரல் நலமாக இருப்பதும் அங்கே கணக்கில் வருவதில்லை. இது நியாயமா என்று கேட்டால், சாதாரணப் பழக்கத்தில் தொற்றாத ஒன்றுக்காக ஒருவரின் பிழைப்பை மறுப்பது நியாயமில்லை என்றே சொல்வேன். ஆனாலும் விதி அப்படி இருக்கும்வரை, ஏஜெண்டிடம் முன்பணம் கட்டுவதற்கு முன் உள்ளூர் ஆய்வகத்தில் இந்த ஒரு பரிசோதனையைச் செய்து பார்த்துவிடுங்கள். நெகட்டிவ் ஆக்கித் தருகிறேன் என்பவரிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொடுக்காதீர்கள்.

எட்டாம் படி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை

மாத்திரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வாழ்நாள் முழுக்கத் தொடரும் வேலை இது ஒன்றுதான். 6 மாதத்துக்கு ஒருமுறை எஸ்ஜிபிடி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் வைரல் லோடு, டெனோஃபோவிர் எடுப்போருக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின். சிரோசிஸ் உள்ளவர்கள், 40 வயதைக் கடந்த ஆண்கள், 50 வயதைக் கடந்த பெண்கள், குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் வரலாறு உள்ளவர்கள் ஆகியோர் 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் ஏஎஃப்பி என்ற இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். ஹெபடைடிஸ் பி-யில் சிரோசிஸ் இல்லாமலேகூடப் புற்றுநோய் வரலாம். 2 செ.மீ. அளவில் கண்டுபிடிக்கப்படும் கட்டியைக் குணப்படுத்த வழிகள் உண்டு. வலி வந்த பிறகு கண்டுபிடிக்கப்படுவதற்கு அவ்வளவு வழிகள் இல்லை.

கண் மஞ்சளாவது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது, வயிறு உப்புவது, கால் வீங்குவது, இரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காய்ச்சல், தலைவலிக்கு பாராசிட்டமால் எடுக்கலாம். சிரோசிஸ் உள்ளவர்கள் நாளுக்கு 2 கிராமைத் தாண்டக்கூடாது, மற்ற வலி நிவாரணி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

ஆறு மாதக் கணக்கு நினைவில் நிற்பதில்லை என்று பலரும் சொல்கிறார்கள். நான் தையையும் ஆடியையும் பிடித்துக்கொண்டேன். பொங்கல் கழிந்த வாரத்தில் ஒருமுறை, ஆடித் தள்ளுபடி விளம்பரம் கண்ணில் படத் தொடங்கியதும் ஒருமுறை, காலை ஆறரை மணிக்கு வெறும் வயிற்றோடு கோப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். இரத்தம் கொடுத்துவிட்டு ஆய்வகத்துக்கு எதிரில் உள்ள கடையில் காப்பி குடிக்கும்போதே, அடுத்த முறைக்கான மாதத்தைக் கோப்பின் மேலட்டையில் பென்சிலால் எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது.